80,000 ரூபாய், ஒரு வில், ஏழாம் வகுப்பு: பள்ளிக்குக் கலைஞரை எப்படி அழைப்பது?

போன வருடம் ஜூன் மாதம் எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒரு காசோலையை மேசை மேல் வைத்தார். முன்னாள் மாணவர்கள் சேர்த்துக் கொடுத்த 80,000 ரூபாய். எங்களுடையது கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் ரப்பர் தோட்டத்துக்கும் வயலுக்கும் நடுவே இருக்கிற அரசு உயர்நிலைப் பள்ளி. ஆறு முதல் பத்து வரை 212 பிள்ளைகள். "கட்டடம், நாற்காலி எல்லாம் வேண்டாம். பிள்ளைகளுக்குக் கலை சம்பந்தமாக ஏதாவது செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அன்றைக்கு அறையில் பதினாறு பேர் இருந்தோம், ஆளுக்கொரு யோசனை வந்தது. ஒரு நல்ல குழுவை வரவழைத்துப் பெரிய நிகழ்ச்சி நடத்தலாம். டான்ஸ் மாஸ்டரை வைத்துப் போட்டிக்குத் தயார் பண்ணலாம். சனிக்கிழமை ஓவிய வகுப்பு வைக்கலாம். பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போகலாம். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். இரண்டு கூட்டம் பேசித்தான் முடிவுக்கு வந்தோம். அந்த முடிவை நடத்தியும் பார்த்துவிட்டோம். இப்போது பக்கத்துப் பள்ளிகளில் இருந்து "நீங்க எப்படிச் செஞ்சீங்க" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், இதே மாதிரி கொஞ்சம் பணத்தை வைத்துக்கொண்டு யோசிக்கிற மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் எங்களுக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. சமூக அறிவியல் டீச்சர்தான் அதைச் சொன்னார்: "எந்த யோசனையானாலும், ஒரு பிள்ளை கலைஞரோடு எத்தனை மணி நேரம் இருக்கும், அந்த நேரத்தில் பிள்ளையின் கை என்ன செய்யும் என்று கேட்போம்." அதற்கப்புறம் பேச்சு சுலபமாகிவிட்டது.

ஒருநாள் நிகழ்ச்சி

கேட்க நன்றாக இருக்கும், ஏற்பாடும் எளிது. ஒரு குழுவுக்குப் பேசி, ஒலிபெருக்கி வைத்து, 212 பேரையும் உட்கார வைத்தால் முடிந்தது. எங்கள் மாவட்டத்தில் அதற்குக் குறைவே இல்லை. வில்லுப்பாட்டு, களியல் என்ற கம்படி ஆட்டம், சிலம்பம், தோல்பாவைக் கூத்து எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. தோல்பாவைக் கூத்து தமிழ்நாட்டில் இன்னும் மூச்சு விடுவதே பெரும்பாலும் இந்த மாவட்டத்தில் வாழும் சில குடும்பங்களால்தான். வீட்டில் மராத்தி பேசுகிறவர்கள், திரைக்குப் பின்னால் உட்கார்ந்தால் நம் தமிழில் ராமாயணம் சொல்கிறார்கள். ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பாவையை வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்து, ராமனுக்கும் ராவணனுக்கும் கோமாளி உளுவத்தலையனுக்கும் ஒரே ஆள் குரல் மாற்றிப் பேசுவதைப் பத்து வயதில் பார்த்த பிள்ளை அதை மறக்காது.

ஆனால் அளவுகோலை வைத்துப் பாருங்கள். தலைக்கு ஒரு மணி நேரம். கை என்ன செய்தது? தட்டியது, அவ்வளவுதான். மறுநாள் வகுப்பில் அதன் தொடர்ச்சியாக எதுவும் நடக்காது. கொஞ்சம் பணம் மிஞ்சினால் இதையும் செய்யலாம், முழுப் பணத்தையும் இதில் போடுவது தப்பு என்று முடிவு செய்தோம். (மிஞ்சியது, செய்தோம். கடைசியில் சொல்கிறேன்.)

போட்டிக்குப் பயிற்சி

கூட்டத்தில் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். காரணம் புரிகிறது. 2022-23 கல்வியாண்டு முதல் தமிழ்நாடு அரசே பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போய், வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துப் பெற்றோர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எல்லைக்கு அப்புறம் கேரளப் பள்ளிக் கலோத்சவம் 1957-ல் இருந்து நடக்கிறது, ஜெயித்தால் கிரேஸ் மார்க் கிடைக்கிறது என்பதை அவர்கள் டிவியில் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நம் பிள்ளைகளும் மேடை ஏற வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயம்தான். கலைத் திருவிழாவை நான் மதிக்கிறேன். மைக்கையே தொட்டிராத பிள்ளைகள் அதனால் மாவட்ட மேடை வரை போயிருக்கிறார்கள்.

இருந்தாலும் வெளியில் இருந்து வருகிற பணத்தை இதில் போடக்கூடாது என்று நான் வாதாடினேன். அதற்குச் சொந்த அனுபவம் ஒன்று காரணம்.

மூன்று வருடம் முன்னால் என் பெண் வேறொரு பள்ளியில் ஆறாம் வகுப்பு படித்தாள். ஆண்டு விழாவுக்கு மாஸ்டர் வந்தார். முதல் நாள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, உயரம் பார்த்து, நிறமும் பார்த்து, 14 பேரைப் பொறுக்கினார். மீதிப் பேருக்கு அந்த மாதம் முழுக்க விளையாட்டுப் பீரியடும் கைவேலைப் பீரியடும் இல்லை, ரிகர்சலுக்குப் போய்விட்டது. நான் ஒருநாள் மதியம் போனபோது வராந்தாவில் ஏழெட்டுப் பிள்ளைகள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஓடுகிற பாட்டுக்கு என் பெண் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு அடவு கூட விடாமல் அவளுக்குத் தெரியும், பார்த்துப் பார்த்தே படித்திருந்தாள். ஆடச் சொல்லத்தான் ஆள் இல்லை. 'கலை எனக்கு வராது' என்று அவள் அதற்கப்புறம் இரண்டு வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்கு அந்த வராந்தா இன்னும் கண்ணில் நிற்கிறது.

போட்டிப் பயிற்சியில் 14 பேருக்கு நாற்பது மணி நேரம் கிடைக்கும், மற்ற எல்லாருக்கும் பூஜ்யம். அந்த 14 பேரும் பெரும்பாலும் ஏற்கெனவே வீட்டில் ஊக்கம் கிடைக்கிற பிள்ளைகள். ஊர்ப் பணம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானது.

சனிக்கிழமை வகுப்பு, சுற்றுலா, ஆசிரியர் பயிற்சி

சனிக்கிழமை வகுப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வருவது பள்ளிக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்கள் மட்டும். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் பஸ்ஸில் வருகிறவர்கள். தோட்ட வேலைக்குப் போகிற அம்மாக்கள் சனிக்கிழமை மூத்த பிள்ளையிடம் சின்னதை விட்டுத்தான் போகிறார்கள். நாகர்கோவில் மாதிரி நகரத்துப் பிள்ளைகளுக்கு இந்த வழி சரிவரலாம். அவர்களுக்கும் 5 முதல் 16 வயது வரையிலானவர்களுக்காகக் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றத்தை விசாரித்துப் பார்க்கச் சொல்வேன். அதே வகுப்புக்குத் தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை.

வெளியே கூட்டிப் போவது எனக்குப் பிடித்த யோசனை. மரத்தாலான பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை என்பதைப் பல பள்ளிகள் வாசலில் போய் நின்ற பிறகுதான் தெரிந்துகொள்கின்றன. சிதறால் மலையில் சமணச் சிற்பங்கள், சுசீந்திரத்தில் தட்டினால் ஸ்வரம் சொல்லும் தூண்கள், மயிலாடியில் தெருவோரப் பட்டறைகளில் கல் செதுக்குகிறவர்கள், வடசேரியில் புவிசார் குறியீடு பெற்ற கோயில் நகை செய்கிறவர்கள். ஒரு நாள் பஸ்ஸுக்குள் இவ்வளவும் அடங்கும். சிக்கல் என்னவென்றால், எதற்குப் பார்க்கிறோம் என்ற கேள்வி இல்லாமல் போனால் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது ஐஸ்கிரீம் மட்டும்தான். கையில் ஒரு வேலை பாதி நடந்துகொண்டிருக்கும்போது போனால் கதையே வேறு. எனவே இதைத் தனி யோசனையாக எடுக்காமல், முக்கியமான வேலையின் நடுவில் சேர்த்துக்கொண்டோம்.

ஆசிரியர் பயிற்சியை வேண்டாம் என்று சொன்னது ஆசிரியர்களேதான். ஏற்கெனவே வருடத்தில் பல நாள் பயிற்சிக்குப் போய் உட்காருகிறார்கள். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பாட்டும் பொம்மையும் வைத்து நடத்தவும் பழகிவிட்டார்கள். "எங்களுக்கு லெக்சர் வேண்டாம். ஒரு கலைஞர் வகுப்பு எடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விடுங்கள்" என்றார் தமிழ் ஐயா. அந்த ஒரு வாக்கியத்தில்தான் கடைசி யோசனை பிறந்தது.

கலைஞர் வந்து தங்குவது

தங்குவது என்றால் படுத்து உறங்குவது இல்லை. ஒரு கலைஞர், ஒரே வகுப்பு, வாரம் இரண்டு நாள், 12 வாரம். ஒவ்வொரு முறையும் இரண்டு பீரியட். பாட ஆசிரியர் கூடவே இருப்பார். வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் சேருவார்கள், யாரையும் பொறுக்குவது கிடையாது. கடைசியில் பிள்ளைகளே உண்டாக்கிய ஒன்றை ஊர் முன்னால் வைப்பார்கள்.

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. தாகூர் 1901-ல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கி, பாட்டையும் ஓவியத்தையும் பாடத்துக்கு நடுவிலேயே வைத்தார். காந்தியின் ஆதாரக் கல்வி நடந்த சேவாகிராமில் ஓவியரும் குயவருமான தேவி பிரசாத் பல வருடம் பிள்ளைகளோடு இருந்து கற்பித்தார். இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரத்து மழலையர் பள்ளிகளில் ஆசிரியரோடு கூட ஒரு கலைஞரும் நிரந்தரமாக இருப்பார். இங்கிலாந்தில் 2002-ல் இதற்கென்றே பெரிய அரசுத் திட்டம் ஒன்று வந்து, 2011-ல் நிதி நின்றதும் நின்றுபோனது. அந்தக் கடைசித் தகவல் எனக்கு எச்சரிக்கையாக இருந்தது: பணம் தீர்ந்த பிறகும் ஏதாவது பள்ளியில் மிஞ்ச வேண்டும். எங்களைப் பொறுத்தவரை மிஞ்சவேண்டியது ஆசிரியரின் கையில். அதனால்தான் அவர் கூட இருப்பதைக் கட்டாயமாக்கினோம்.

"மார்க் கூடுமா?" என்று கூட்டத்தில் ஓர் அப்பா கேட்டார். நேர்மையான கேள்வி, நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 42 பள்ளிகளில் 10,548 மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, முடிவுகள் 2019-ல் வெளியாயின. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்குக் கலைஞர்களை அனுப்பினார்கள், நிகழ்ச்சிகளும் வெளிப் பயணங்களும் கொடுத்தார்கள். அந்தப் பள்ளிகளில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவர்களின் விகிதம் மற்ற பள்ளிகளைவிட 3.6 சதவீதப் புள்ளி குறைவாக இருந்தது. எழுத்துத் தேர்வில் மதிப்பெண் கூடியது. அடுத்தவர் மேல் பரிவும் கூடியிருந்தது. கணக்கிலும் அறிவியலிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2013-ல் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி வெளியிட்ட தொகுப்பும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது: வகுப்பறை நாடகம் மொழித் திறனுக்கு உதவுவதற்கு ஆதாரம் உண்டு, கலை கற்றால் எல்லாப் பாடத்திலும் மார்க் கூடும் என்பதற்கு ஆதாரம் போதாது. எனவே கணக்கு மார்க்கைக் காட்டி இதை விற்காதீர்கள். எழுதவும் பேசவும் கேட்கவும் பிள்ளை தேறும், பள்ளிக்கு வர ஆசைப்படும் என்று சொல்லுங்கள். அந்த அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

எந்தக் கலை என்பதில் வில்லுப்பாட்டைத் தேர்ந்தோம். நாஞ்சில் நாட்டில் கொடை என்று சொல்கிற ஊர்க் கோயில் விழாக்களில் வளர்ந்த கலை. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் தொடங்கிய இடமும் இதுதான். வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை என்று வேலை பலவாகப் பிரியும். பாடத் தெரிந்தவருக்கு மட்டும் இடம் என்ற நிலை இல்லை. கதை எழுத வேண்டும், வசனம் பேச வேண்டும், கதை சொல்கிறவருக்கு "ஆமா" போட வேண்டும். கொடைகளில் பாடுவது சாமி கதைகள்தான். ஆனால் காந்தி கதையில் இருந்து கிறிஸ்தவக் கதை வரை எல்லாம் வில்லில் ஏறியிருக்கிறது. எங்கள் வகுப்பில் மூன்று மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட 1982 மண்டைக்காடு கலவரத்தைப் பார்த்த மாவட்டம் இது. எல்லாரும் ஒரே வில்லுக்குப் பின்னால் உட்கார முடிகிற கதை வேண்டும் என்று, வில்லுப்பாட்டு சொல்லிக் கொடுக்க வந்த அண்ணாவியிடம் முதல் நாளே சொன்னோம். "தண்ணிக் கதை பாடுவோம், தண்ணிக்கு மதம் ஏது" என்றார் அவர்.

ஏழாம் வகுப்பை எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆறாம் வகுப்பில் நாலைந்து தொடக்கப் பள்ளிகளில் இருந்து புதிதாக வந்து சேர்ந்திருப்பார்கள், ஒருவரை ஒருவர் சரியாகத் தெரியாது. ஒன்பது, பத்தில் தேர்வு நெருக்கும். ஏழில் 38 பேர். ஒவ்வொரு வருடமும் ஏழாம் வகுப்புக்கே செய்தால், இந்தப் பள்ளியில் படிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒருமுறை கிடைத்துவிடும். "மற்ற வகுப்புக்கு இல்லையா" என்ற சண்டையும் வராது. 24 முறை, முறைக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் தலைக்கு 36 மணி நேரம். எந்த யோசனையிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வளவு நேரம் கிடைக்கவில்லை.

வகுப்பில் நடந்தது

முதல் வாரம் அண்ணாவி பாடவே இல்லை. குடத்தை நடுவில் வைத்து ஒவ்வொருவரையும் பத்தி என்ற மட்டையால் அடிக்கச் சொன்னார். ஒருவன் ஓங்கி அடித்தான், மண் பானையில் சத்தம் சப்பென்று நின்றது. "மக்களே, கோவத்துல அடிச்சா குடம் பேசாது. பானைக்க வாயில காத்து போகவிட்டு அடி, அப்பதான் சத்தம் உருண்டு வரும், கேட்டியா?" அந்தப் பையன் மறுபடி அடித்தான். உருண்டு வந்தது. 38 பேரும் ஒரே சமயத்தில் "ஆ" என்றார்கள். அடுத்த அரை மணி நேரம் யாரும் பேசவில்லை, அடுத்தவர் அடிப்பதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 'கவனி, கவனி' என்று நாம் நூறு முறை சொல்வது, ஒரு குடத்தால் நடந்தது.

கதைக்கு எங்கள் ஊர்க் குளத்தையும் கால்வாயையும் எடுத்தார்கள். சமூக அறிவியல் டீச்சர் பேச்சிப்பாறை அணை பற்றிச் சொன்னார்: திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1906-ல் வேலை முடிந்தது, கட்டிய எஞ்சினியர் மிஞ்சின். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். மடை எங்கே இருந்தது, குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் எந்த வீட்டில் தண்ணீர் ஏறும், கன்னிப்பூ எப்போது, கும்பப்பூ எப்போது. கன்னிப்பூ, கும்பப்பூ என்பவை இங்கே நெல் விளைகிற இரண்டு பருவங்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தச் சொற்களே புதிது. வயல் வாழையாகவும் மனையாகவும் மாறிவிட்ட ஊரில் அது ஆச்சரியமில்லை.

எனக்குள் தைத்த இடம் அதற்கப்புறம் வந்தது. ஒரு குழு இப்படி எழுதி வந்திருந்தது: "நமது ஊரில் முற்காலத்தில் இரு போகம் நெல் பயிரிடப்பட்டது." பாடப் புத்தக வாக்கியம், ஒரு பிழை இல்லை. அண்ணாவி வில்லின் நாணை வீசுகோலால் தட்டி அதைப் பாடிப் பார்த்தார். நாக்கில் நிற்கவில்லை. "இது ஆரு சொன்னது?" என்றார். "எங்க பாட்டி." "பாட்டி இப்படியா சொன்னா?" அந்தப் பெண் கொஞ்சம் யோசித்து, பாட்டி சொன்ன மாதிரியே சொன்னாள். கரும்பலகையில் எழுதி, வெட்டி, சேர்த்து, பீரியட் முடியும்போது இப்படி ஆகியிருந்தது:

*கன்னிப்பூ அறுத்த களத்து மேலே*
*கும்பப்பூ விதைக்கக் காத்திருந்தா பாட்டி,*
*மறுகால் பாயுது, மடையைத் தொற!*

பயிரிடப்பட்டது என்ற சொல்லில் ஆளே இல்லை. கடைசியில் வந்த வரியில் பாட்டி நிற்கிறாள், காத்திருக்கிறாள், சத்தம் போடுகிறாள். தமிழ் ஐயா என் பக்கம் திரும்பி, "செய்வினை செயப்பாட்டுவினையை நான் இவ்வளவு வருடமாக நடத்துகிறேன். எது எப்போது வேண்டும் என்று இன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரிந்திருக்கிறது" என்றார். இப்போது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரை நோட்டைத் திருத்தும்போது, "இது ஆரு சொன்னது" என்று ஓரத்தில் எழுதுகிறார். அவர் கையில் மிஞ்சியது அது.

"ஆமா" போடுகிற வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைக் கடைசி பெஞ்சுக்கான வேலை என்று முதலில் பிள்ளைகள் நினைத்தார்கள். அண்ணாவி அதற்கென்றே ஒரு நாள் ஒதுக்கினார். "ஆமா"-வில் சந்தேகம் உண்டு, வருத்தம் உண்டு, 'அப்புறம் என்னாச்சு' உண்டு என்று பத்து விதமாகச் சொல்லிக் காட்டினார். கதை சொல்கிறவர் எந்த வேகத்தில் போகலாம் என்பதைத் தீர்மானிப்பதே இந்த ஆமாதான். இரண்டாம் மாதத்தில் அந்த இடத்துக்குப் போட்டி வந்துவிட்டது.

எல்லாம் சரியாகப் போகவும் இல்லை. நவம்பரில் மழைக்கு விடுமுறை விட்டதில் நாலு வகுப்பு போனது. ஒருமுறை கணக்கு வகுப்பை எடுத்துக்கொண்டதில் வருத்தம் வந்தது. அப்புறம் கால அட்டவணையை ஒழுங்காகப் போட்டோம்: தமிழில் ஒரு பீரியட், சமூக அறிவியலில் ஒன்று. கைவேலை, உடற்கல்விப் பீரியடுகளைத் தொடுவதே இல்லை. காலாண்டு விடுமுறை முடிந்து தொடங்கி, அரையாண்டுத் தேர்வுக்கு நிறுத்தி, பொங்கலுக்குப் பிறகு மீண்டும் எடுத்துப் பிப்ரவரியில் முடிப்பது எங்களுக்குச் சரிப்பட்டது. வில்லுப்பாட்டுக்காரர்களைக் கொடைக் காலத்தில் கேட்காதீர்கள். அது அவர்கள் வருடச் சாப்பாடு.

செலவும் நிபந்தனைகளும்

கணக்கைத் திறந்தே வைக்கிறேன். அண்ணாவிக்கு ஒரு முறைக்கு 1,500 வீதம் 36,000. பஸ், ஆட்டோவுக்கு 2,400. குடம் அடிக்கிறவர் ஆறு முறை வந்தார், அவருக்கு 4,800. வில், குடம், உடுக்கை முதலியவை பள்ளிக்கே சொந்தமாக வாங்கியது 9,000. நோட்டு, கடைசி நாள் சாப்பாடு, மேடை 5,000. ஆக 57,200. நடுவில் ஏழாம் வகுப்பைப் பேச்சிப்பாறைக்கும் பத்மநாபபுரத்துக்கும் கூட்டிப் போனதற்கு 9,800. அணையைப் பார்த்துவிட்டு வந்தபின் கதையில் இரண்டு பாட்டு கூடியது. மீதியில் 12,000-க்கு ஒரு தோல்பாவைக் கூத்து, பக்கத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்து. கையில் 1,000 மிஞ்சியது.

கலைஞரிடம் "பிள்ளைகளுக்குத்தானே, பார்த்துச் செய்யுங்கள்" என்று பேரம் பேசாதீர்கள். கலைஞரைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்த அடையாள அட்டை வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள், அட்டை இல்லாத நல்ல கலைஞர்களும் உண்டு என்பதையும் மனதில் வையுங்கள். அதைவிட முக்கியம், ஒரு நாள் வகுப்பு எடுக்கச் சொல்லிப் பாருங்கள். மேடையில் பெரிய ஆள் என்பது வேறு, தப்பாக அடிக்கிற பிள்ளையிடம் பொறுமையாக இருப்பது வேறு. நாங்கள் முதலில் பார்த்தவர் நல்ல பாடகர், ஆனால் பிள்ளைகளைப் பாடவிடவில்லை. மரியாதையோடு நன்றி சொல்லி அனுப்பினோம்.

வெளியாளைப் பள்ளிக்குள் அழைக்கும்போது எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தலைமையாசிரியர் மட்டத்தோடு நிறுத்தாமல் கல்வி அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள். ஆசிரியர் இல்லாமல் ஒரு நிமிடம் கூட வகுப்பு நடக்கக் கூடாது. பிள்ளைகளின் படத்தையும் வீடியோவையும் பெற்றோரைக் கேட்காமல் யாரும் எங்கும் போடக் கூடாது. கலைஞரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டால் அவருக்கும் பாதுகாப்பு. எங்கள் அண்ணாவி இதற்கு வருத்தப்படவே இல்லை. "என் பேத்தி படிக்கிற பள்ளியிலயும் இப்படித்தான் இருக்கணும்" என்றார்.

இன்னொன்றும் எனக்கு முக்கியம். கட்டாயக் கல்விச் சட்டம் 2009, ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளிகளில் கலை, உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதி நேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2012-ல் மாதம் 5,000 ரூபாய்க்கு அவர்களை நியமித்தார்கள். இன்றுவரை பணி நிரந்தரம் கேட்டுப் போராடுகிறார்கள். வெளியில் இருந்து வருகிற கலைஞர் அவர்கள் இடத்தை எடுப்பவராக ஆகிவிடக் கூடாது. உங்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியர் இருந்தால் முதல் கூட்டத்திலேயே அவரை உட்கார வையுங்கள். இல்லையென்றால், அந்தப் பணியிடம் கேட்டு மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுவிட்டு இந்த வேலையைத் தொடங்குங்கள். நாங்கள் இரண்டையும் ஒரே நாளில் எழுதினோம்.

எல்லாருக்கும் இதுதான் சரி என்று சொல்ல மாட்டேன். கையில் 15,000 மட்டும் இருந்தால், ஒருநாள் நிகழ்ச்சிக்கு வரும் கலைஞரையே நாலு மதியம் வரச் சொல்லி ஒரே வகுப்போடு உட்கார வையுங்கள். பள்ளியில் முப்பது பிள்ளைகள்தான் என்றால் வகுப்பு பிரிக்க வேண்டாம், எல்லாரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆசிரியர் யாருக்கும் மனமில்லை என்றால் அந்த வருடம் சுற்றுலா போதும். ஆசிரியர் ஒதுங்கி நிற்கிற வகுப்பில் கலைஞரின் உழைப்பு பாதி வீணாகும்.

இந்த வருடத்துக்கு மறுபடியும் வில்லா, வேறா என்று போன மாதம் பேசினோம். வில்லும் குடமும் பள்ளியிலேயே இருப்பதால், போன வருடத்துப் பிள்ளைகளும் தமிழ் ஐயாவும் சேர்ந்து அதை ஆறாம் வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனவே புதிய ஏழாம் வகுப்புக்குக் களியல் ஆசான் ஒருவரை அழைக்க முடிவாகியிருக்கிறது. கோயில் விழாவிலும் தேவாலய விழாவிலும் விளக்கைச் சுற்றிக் கம்படித்து ஆடுகிற ஆட்டம் அது. தாளம் தப்பினால் பக்கத்தில் நிற்பவரின் விரலில் அடி விழும், அதனால் ஒவ்வொருவரும் இரண்டு பக்கத்தையும் கவனித்தே ஆக வேண்டும். கணக்கு டீச்சர் இம்முறை தானே கூட உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஆசான் எங்களிடம் கேட்டது இரண்டே விஷயம்: எண்பது கம்பு, மழை ஒழுகாத ஒரு இடம். கம்புக்குச் சொல்லியாகிவிட்டது. சத்துணவுக் கூடத்தை ஒட்டிய வராந்தாவில் உடைந்த ஓடுகளை வருகிற சனிக்கிழமை மாற்றுகிறோம்.